ஓட்டு போடுறதுக்கு முன்னாடியும் எண்ணினதுக்கு அப்புறமும்: 1900-கள்ல அமெரிக்க கவர்னர் எலெக்‌ஷன் நடந்த விதம்

அமெரிக்காவுல ஸ்டேட் கவர்னர்னா நம்ம ராஜ்பவன்ல இருக்கிறவர் மாதிரி நினைச்சுக்காதீங்க. அங்க அவர்தான் கிட்டத்தட்ட நம்ம முதலமைச்சர், ஜனங்க நேரா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற ஆளு. சட்டசபை பாஸ் பண்ற பில்லை வீட்டோ பண்ணலாம், ஸ்டேட் மிலிஷியா (ஸ்டேட்டோட சொந்தப் படை) அவர் சொன்னா துப்பாக்கியோட கிளம்பும், கோர்ட் தண்டனை குடுத்தவனுக்கு மன்னிப்பு குடுத்து வெளிய விடலாம். இந்த கடைசி ரெண்டு பவரையும் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி கதைல ரெண்டும் வரும். மெட்ராஸ் ராஜதானிக்கு லண்டன்ல இருந்து ஆளுங்க கவர்னரா வந்து உக்காந்திருந்த அதே வருஷங்கள்லதான் அங்க ஒரு ஸ்டேட்ல கவர்னர் சீட்டுக்காக சட்டசபை வாசல்லயே ஒருத்தரை சுட்டாங்க, இன்னொரு ஸ்டேட்ல ஒரு நாளைக்குள்ள மூணு பேர் அந்த சீட்ல மாறி மாறி உக்காந்தாங்க.

இதையெல்லாம் அந்தக் காலத்து ரவுடித்தனம்னு தள்ளிட்டு போகலாம்தான், ஆனா உத்து பாத்தா எல்லா சண்டையும் ரெண்டே கேள்வியில வந்து நிக்குது. கேண்டிடேட் யாருன்னு யார் முடிவு பண்றது, ஓட்டு எண்ணினதுல தகராறு வந்தா தீர்ப்பு சொல்றது யாரு. நடுவுல ஜனங்க க்யூல நின்னு ஓட்டு போடுறது பாவம் ஒரு நாள் கூத்து.

முதல்ல அடிப்படை. 1900 வாக்குல கேண்டிடேட் தேர்வுங்கிறது கட்சி மாநாட்டுல நடக்கிற விஷயம். வட்டத்துல கூட்டம் போட்டு ஆளை அனுப்புவாங்க, அவங்க கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) மாநாட்டுக்கு போவாங்க, அங்கிருந்து ஸ்டேட் மாநாட்டுக்கு. ஒவ்வொரு படியிலயும் யார் உள்ள வரலாம்ங்கிறது லோக்கல் பாஸ் கையில, அந்த பாஸுக்கு பின்னாடி பெரும்பாலும் ஒரு ரயில்வே கம்பெனி. ரயில்வேக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, விவசாயி தானியத்தை ஏத்தி அனுப்பற ரேட்டை கட்டுப்படுத்தறது, கம்பெனி சொத்துக்கு வரி போடுறது எல்லாமே ஸ்டேட் கவர்மெண்ட் வேலை. அதுக்கு மேல 1913 வரைக்கும் வாஷிங்டன் போற செனட்டரையும் ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கல, ஸ்டேட் சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், அதனால ஸ்டேட்டை கையில வச்சிருந்தா டெல்லிக்கு போற ஆளையும் நாமளே அனுப்பலாம்ங்கிற கணக்கு (டெல்லின்னு பழக்க தோஷத்துல வந்துடுச்சு, வாஷிங்டன்). பதவிக்காலமும் அப்ப ஸ்டேட்டுக்கு ஒண்ணு. நியூயார்க்ல ரெண்டு வருஷம், நியூ ஜெர்சில மூணு, மாசசூசெட்ஸ்ல வருஷா வருஷம் கவர்னர் எலெக்‌ஷன். மெயின்ங்கிற பேருள்ள ஸ்டேட்ல மத்தவங்க நவம்பர்ல ஓட்டு போட்டா இவங்க செப்டம்பர்லயே போட்டு முடிச்சிடுவாங்க.

இன்னொரு விஷயம், இதை பலரும் கவனிக்கறதில்ல. 1880-கள் வரைக்கும் வாக்குச்சீட்டை கட்சிக்காரங்களே அடிச்சு குடுப்பாங்க, யார் எந்த கட்சி சீட்டை போடுறாங்கன்னு தூரத்துல நின்னே கண்டுபிடிச்சிடலாம். 1888-ல மாசசூசெட்ஸ் ஸ்டேட் முழுக்க ரகசிய வாக்குச்சீட்டு முறைய கொண்டு வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல பெரும்பாலான ஸ்டேட்ல கவர்மெண்டே சீட்டு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நல்ல விஷயம்தான், ஆனா கவர்மெண்ட் சீட்டு அடிக்கணும்னா இந்த கட்சியோட அசல் கேண்டிடேட் யாருன்னு கவர்மெண்டுக்கு தெரியணுமே. அங்கதான் கட்சி உள்விவகாரம் கோர்ட் வாசலுக்கு வந்துச்சு.

சரி, கென்டக்கி 1899. டெமாக்ரட் பக்கம் வில்லியம் கோபெல், ரிபப்ளிகன் பக்கம் வில்லியம் டெய்லர். கோபெல் லாயர், ஸ்டேட் செனட்டர், தோள்ல கை போட்டு பேசி ஓட்டு வாங்கற டைப் கிடையாது, ஆனா லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயை விடாம எதிர்த்ததால சாதாரண ஜனங்ககிட்ட ஒரு மவுசு. ஆளு லேசுப்பட்டவர் இல்ல, 1895-ல கோவிங்டன்ல ஒரு பேங்க் வாசல்ல நடந்த தகராறுல ஜான் சான்ஃபோர்டுங்கிற அரசியல் எதிரியை சுட்டுக் கொன்னிருக்கார், முதல்ல சுட்டது யாருன்னு தெளிவா சொல்ல ஆளில்லாம தப்பிச்சுட்டார். 1898-ல அவர் ஒரு எலெக்‌ஷன் சட்டம் கொண்டு வந்தார். சட்டசபை நியமிக்கிற மூணு பேர் கமிஷன், கவுண்டி லெவல்ல தேர்தல் அதிகாரிகளை அந்த கமிஷனே போடும், ரிசல்ட்டையும் அதுவே அறிவிக்கும். சட்டசபை அப்ப டெமாக்ரட் கையில. கவர்னர் வீட்டோ பண்ணியும் அதையும் மீறி பாஸ் பண்ணிட்டாங்க. ரெஃபரியை தானே அப்பாயிண்ட் பண்ணிட்டு மேட்ச் ஆட வந்த மாதிரின்னு சொந்த கட்சிக்காரங்களே முணுமுணுத்தாங்க.

லூயிவில் மியூசிக் ஹால்ல நடந்த டெமாக்ரட் மாநாடு அடுத்த கூத்து. போட்டியில மூணு பேரு, கோபெல், ஸ்டோன், ஹார்டின். ஹார்டின்தான் முன்னாடி நின்னார், அவரை காலி பண்ண கோபெலும் ஸ்டோனும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, காரியம் முடிஞ்சதும் கோபெல் ஸ்டோனை கழட்டி விட்டுட்டார். இந்த கடுப்புல ஒரு கோஷ்டி பிரிஞ்சு போய் பழைய கவர்னர் ஜான் யங் பிரவுனை தனியா நிறுத்துச்சு. ரிசல்ட் வந்தப்ப டெய்லர் 1,93,714, கோபெல் 1,91,331, வித்தியாசம் 2,383. பிரவுன் வாங்கினது 12,000 பக்கம். மியூசிக் ஹால்ல பண்ணின துரோகத்துக்கு விலை என்னன்னு அந்த நம்பர்லயே தெரியுது.

அப்புறம் எண்ணிக்கை தகராறு. மலைப்பக்க ரிபப்ளிகன் கவுண்டிகள்ல வாக்குச்சீட்டு ரொம்ப மெல்லிசு பேப்பர், மடிச்சாலும் எங்க குத்தியிருக்குன்னு பின்னாடி தெரியுது, அதனால அந்த ஓட்டெல்லாம் செல்லாதுன்னு கோபெல் தரப்பு. நெல்சன் கவுண்டில டெய்லரோட இனிஷியல் தப்பா அச்சாகி டபிள்யூ எஸ் டெய்லர்ங்கிறதுக்கு பதில் டபிள்யூ பி டெய்லர்னு இருந்துச்சாம், அந்த ஓட்டையும் தள்ளுங்கன்னாங்க. இதுல யாரும் எதிர்பாக்காத திருப்பம் என்னன்னா, கோபெல் சட்டப்படி போட்ட அதே மூணு பேர் கமிஷன் ரெண்டுக்கு ஒண்ணுன்னு டெய்லர்தான் ஜெயிச்சார்னு சொல்லிடுச்சு. டிசம்பர் 12 டெய்லர் பதவியேத்தார்.

கதை முடியல. கென்டக்கில கவர்னர் எலெக்‌ஷன் தகராறுக்கு கடைசி தீர்ப்பு சட்டசபையோடது. பெட்டியில பேர் போட்டு குலுக்கி எடுத்து 11 பேர் கமிட்டி போட்டாங்க, குலுக்கல்ல வந்த 11 பேர்ல ரிபப்ளிகன் ஒரே ஒருத்தர். குலுக்கல் எவ்வளவு நேர்மையா இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. ரிபப்ளிகன்காரங்க சும்மா இருப்பாங்களா, மலைப்பக்கத்துல இருந்து துப்பாக்கியோட ஆளுங்களை ரயில்ல ஏத்தி தலைநகர் ஃப்ராங்க்ஃபர்ட்டுல கொண்டு வந்து இறக்கினாங்க, ரயில் யாரோடதுன்னு சொல்ல வேண்டியதில்ல.

1900 ஜனவரி 30 காலையில கோபெல் ரெண்டு பாடிகார்டோட சட்டசபை கட்டடத்தை நோக்கி நடந்து வர்றார், பக்கத்து கவர்மெண்ட் பில்டிங்ல இருந்து குண்டு வருது, விழுந்துட்டார். டெய்லர் உடனே எமர்ஜென்சி அறிவிச்சு மிலிஷியாவை இறக்கி, சட்டசபை இனிமே லண்டன்ல கூடணும்னு ஆர்டர் போட்டார் (இது கென்டக்கிலயே இருக்கிற லண்டன், ரிபப்ளிகன் கோட்டை). டெமாக்ரட் உறுப்பினர்கள் அங்க போகாம ஃப்ராங்க்ஃபர்ட் ஹோட்டல்ல ரகசியமா கூடி, டெய்லருக்கு விழுந்த ஓட்டுல ஒரு பகுதியை செல்லாதுன்னு தள்ளி கோபெல்தான் கவர்னர்னு தீர்மானம் போட்டாங்க. படுக்கையில இருந்தபடியே பதவிப்பிரமாணம், பிப்ரவரி 3 உயிர் போயிடுச்சு. பதவியில இருக்கும்போது கொலையான அமெரிக்க ஸ்டேட் கவர்னர் இன்னைக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான்.

கோபெலோட துணை கவர்னர் பெக்காம் அந்த இடத்துக்கு வந்தார், டெய்லரும் நகரல. ஒரு ஸ்டேட், ரெண்டு கவர்னர், ரெண்டு பக்கமும் மிலிஷியா. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1900 மே மாசம் அவங்க ஸ்டேட் சட்டசபை முடிவுல நாங்க தலையிட மாட்டோம்னு கையை விரிச்சுட்டாங்க. டெய்லர் இண்டியானாவுக்கு ஓடிட்டார், திரும்பி வந்தா கொலை சதி கேஸ்ல உள்ள போகணுமே. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டா இருந்த காலெப் பவர்ஸ் ஆஃபீஸ்ல இருந்துதான் குண்டு வந்துச்சுன்னு அவர் மேல கேஸ், மூணு தடவை தண்டனை, மூணு தடவையும் மேல் கோர்ட்ல ரத்து, நாலாவது தடவை ஜூரி ஒத்த முடிவுக்கு வரல. 1907-ல ரிபப்ளிகன் கவர்னர் ஒருத்தர் ஜெயிச்சார், அடுத்த வருஷம் பவர்ஸுக்கு மன்னிப்பு, 1910-ல பவர்ஸ் அமெரிக்க பார்லிமெண்ட்டான காங்கிரஸுக்கே எலெக்ட் ஆயிட்டார். ஆரம்பத்துல சொன்னேனே மன்னிப்பு பவர், அது இங்கதான்.

மிலிஷியா பவர் எதுக்கு உதவும்னு தெரியணும்னா கொலராடோ போகணும். 1902-ல அங்க சுரங்கத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலைன்னு அரசியல் சட்டத் திருத்தம் 72,980-க்கு 26,266-ன்னு ஜெயிச்சுது, ஜனங்க இவ்வளவு தெளிவா சொல்லியும் சட்டசபை அதுக்கு சட்டம் இயற்றாமலே கலைஞ்சு போச்சு. அடுத்த வருஷம் கிரிப்பிள் க்ரீக் தங்கச் சுரங்கத்துல ஸ்ட்ரைக். கவர்னர் ஜேம்ஸ் பீபடி, ரிபப்ளிகன், பேங்க் வச்சிருந்தவர், சுரங்க முதலாளிங்க கேட்டதும் மிலிஷியாவை அனுப்பி ராணுவச் சட்டம் போட்டார், யூனியன்காரங்களை விசாரணை இல்லாம பிடிச்சு ரயில்ல ஏத்தி கன்சாஸ் எல்லையில கொண்டு போய் விட்டாங்க. 1904 ஜூன்ல இண்டிபெண்டன்ஸ் ரயில் ஸ்டேஷன்ல குண்டு வெடிச்சு யூனியன்ல இல்லாத 13 தொழிலாளிங்க செத்தாங்க. இந்த சூட்டுலதான் நவம்பர்ல எலெக்‌ஷன், பீபடிக்கு எதிரா ஏற்கெனவே ரெண்டு தடவை கவர்னரா இருந்த டெமாக்ரட் ஆல்வா ஆடம்ஸ். சொல்லப்போனா பீபடியோட ஸ்ட்ரைக் நடவடிக்கை மேல நடந்த வாக்கெடுப்புதான் அது.

ரெண்டு பக்கமும் கள்ள ஓட்டு. டென்வர்ல டெமாக்ரட் மெஷின் (ஓட்டு சேர்க்கிற லோக்கல் கட்சி கும்பல்), ஒரே ஆளு வேற வேற பேர்ல பூத் பூத்தா போய் போடுறது. தெற்கே நிலக்கரி கேம்ப்ல கம்பெனி சொல்ற கணக்குதான் ஓட்டுன்னு டெமாக்ரட் புகார். ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் டென்வர் பூத்தை மட்டும் கண்காணிக்க ஆளுங்களை போட்டு, தப்பு பண்ணின தேர்தல் அலுவலர்களை ஜெயிலுக்கு அனுப்பி, சில பூத்தோட ஓட்டை மொத்தமா தள்ளுச்சு. ரெண்டு பக்கம் திருட்டுல ஒரு பக்கத்துக்கு மட்டும் டார்ச் அடிச்சா என்ன தெரியுமோ அதுதான் தெரிஞ்சுது. அப்படியும் கவர்னர் ஓட்டுல ஆடம்ஸ் முன்னணியிலதான் நின்னார், 1905 ஜனவரியில பதவியும் ஏத்துக்கிட்டார். ஆனா சட்டசபை ரிபப்ளிகன் கையில, பீபடி புகார் குடுக்க, விசாரணை மாசக்கணக்குல இழுத்துச்சு.

இங்கதான் எனக்கு பிடிச்ச இடம். பீபடியை திரும்ப உக்கார வைக்க ரிபப்ளிகன் உறுப்பினர்கள் எல்லாருக்கும் மனசு வரல, அந்தாளு பண்ணினது அவங்கள்ல சிலருக்கே ஜீரணமாகல, ஆடம்ஸ் இருக்கறதும் பிடிக்கல. கடைசியில ஒரு பேரம் போட்டாங்க, ஆடம்ஸை நீக்கிட்டு பீபடிதான் ஜெயிச்சார்னு அறிவிப்போம், ஆனா பீபடி ஒரு நாளைக்குள்ள ராஜினாமா பண்ணிடணும். மார்ச் 16 ஆடம்ஸ் கவர்னரா இருந்தார், அன்னைக்கே பீபடி கவர்னர் ஆனார், பீபடி ராஜினாமா பண்ண துணை கவர்னரா இருந்த லெட்வில்காரர் ஜெஸ்ஸி மெக்டொனால்ட் கவர்னர் ஆயிட்டார். கவர்னர் பதவிக்கு ஒரு ஓட்டு கூட வாங்காத ஆளு மிச்ச ரெண்டு வருஷத்தையும் ஓட்டினார். 1906-ல அடுத்த எலெக்‌ஷன்ல சோஷலிஸ்ட் கட்சி சார்பா நின்னது சுரங்கத் தொழிலாளர் யூனியனோட செயலாளர்-பொருளாளர் பில் ஹேவுட், அப்ப அவர் கொலை கேஸ்ல ஐடஹோ ஜெயில்ல இருந்தார், அங்கிருந்தே போட்டி. ஜெயிக்கலைங்க.

எண்ணிக்கை பக்கம் இவ்வளவு போதும், கேண்டிடேட் தேர்வு பக்கம் வருவோம். விஸ்கான்சின்ல ராபர்ட் லா ஃபாலெட் 1896-லயும் 1898-லயும் ரிபப்ளிகன் மாநாட்டுல தோத்தார், கடைசி நேரத்துல பிரதிநிதிகளை காசு குடுத்து வாங்கிட்டாங்கன்னு அவர் புகார், அதுல இருந்தே மாநாட்டையே ஒழிக்கணும், கேண்டிடேட்டை ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கணும்னு பிடிச்சுக்கிட்டார். அதுதான் பிரைமரி. 1900-ல கவர்னர் ஆனார், ஆனா பிரைமரி சட்டத்தை சட்டசபை விடாம முடக்குச்சு. ஊர் ஊரா போய் மேடையில நின்னு உங்க தொகுதி உறுப்பினர் எந்த பில்லுக்கு எப்படி ஓட்டு போட்டார்னு சபைக் குறிப்பை எடுத்து பேர் சொல்லி படிச்சு காட்டுவாராம், கேக்கிறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சு பாருங்க.

1904 மே மாசம் மேடிசன்ல யுனிவர்சிட்டி ஜிம்னேசியத்துல கட்சி மாநாடு. போலி அனுமதிச் சீட்டோட எதிர் கோஷ்டி புகுந்துடும்னு லா ஃபாலெட் ஆளுங்க வாசல்ல முள்கம்பி போட்டு ஒவ்வொருத்தரா நுழையற மாதிரி சந்து கட்டி, காவலுக்கு யுனிவர்சிட்டி ஃபுட்பால் பிளேயர்களை நிறுத்தினாங்க. ஜனநாயக சீர்திருத்தம் முள்கம்பி வழியா வந்துச்சுன்னு எதிரிங்க கிண்டல் பண்ணினதுல நியாயம் இல்லாம இல்ல. எதிர் கோஷ்டி வெளிநடப்பு பண்ணி பக்கத்துல ஆபரா ஹவுஸ்ல தனி மாநாடு போட்டு தனி கேண்டிடேட் அறிவிச்சாங்க. இப்ப வாக்குச்சீட்டுல ரிபப்ளிகன்னு யார் பேரை அடிக்கறது? ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் லா ஃபாலெட் கோஷ்டிதான் அசல்னு சொல்ல, அவர் ஜெயிச்சார், அதே நாள்ல பிரைமரி சட்டமும் பொது வாக்கெடுப்புல ஜெயிச்சுது. முதல் பிரைமரி 1906-ல. லா ஃபாலெட் அதுக்குள்ள செனட்டுக்கு போயிட்டார், தன்னோட சிஷ்யன் லென்ரூட்டை நிறுத்தினார், ஜனங்க நார்வேல பிறந்த ஜேம்ஸ் டேவிட்சனுக்கு ஓட்டு போட்டு சிஷ்யனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. விஸ்கான்சின்ல நார்வேக்காரங்க ஓட்டு எவ்வளவுன்னு குருநாதருக்கு தெரியாதா என்ன.

கலிபோர்னியாவுல 1910-ல முதல் பிரைமரி. ஹைரம் ஜான்சன்னு சான் ஃபிரான்சிஸ்கோ வக்கீல், சதர்ன் பசிஃபிக் ரயில்வேயை அரசியல்ல இருந்து உதைச்சு வெளிய தள்ளுவேன்ங்கிற ஒரே வசனத்தை வச்சு ஸ்டேட் முழுக்க சுத்தினார், அதுவும் ரயில்ல ஏறாம சிவப்பு கார்ல, பையன் டிரைவர். பிரைமரி இல்லாம பழைய மாநாடா இருந்திருந்தா அந்தாளை வாசல் கிட்ட கூட விட்டிருக்க மாட்டாங்க. ஜெயிச்ச கையோட 1911 அக்டோபர்ல 23 சட்டத் திருத்தம் ஒரே நாள்ல ஓட்டுக்கு விட்டு 22 பாஸ் ஆச்சு, பெண்களுக்கு ஓட்டுரிமை, பதவியில இருக்கிறவரை நடுவுலயே திரும்பக் கூப்பிடுற ரீகால் எல்லாம் அதுல வந்ததுதான். ரீகால்ல முதல்ல பதவி போன கவர்னர் கலிபோர்னியாக்காரர் இல்ல, 1921-ல நார்த் டகோட்டாவோட லின் ஃப்ரேசியர், விவசாயிங்க இயக்கத்தால வந்தவர். விரட்டின அதே ஜனங்க அடுத்த வருஷமே அவரை செனட்டுக்கு அனுப்பினாங்க. கலிபோர்னியா அந்த ஆயுதத்தை கவர்னர் மேல பிரயோகிச்சு ஜெயிக்க 2003 ஆச்சு, அதுலதான் நம்ம டெர்மினேட்டர் அர்னால்ட் உள்ள வந்தார்.

ஆனா பிரைமரிய ஜனநாயகத்தோட வெற்றின்னு மட்டும் எழுதற ஆளுங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை உண்டு, ஏன்னா அதே பிரைமரி தெற்கு ஸ்டேட்கள்ல என்ன பண்ணுச்சுன்னு அவங்க பாதி நேரம் சொல்றதில்ல. அங்க எழுத்தறிவு டெஸ்ட், போல் டாக்ஸ் (ஓட்டு போட கட்ட வேண்டிய வரி)னு போட்டு கறுப்பர் ஓட்டை ஏற்கெனவே நசுக்கிட்டாங்க, லூசியானாவுல 1896-ல பதிவான கறுப்பு வாக்காளர்கள் 1,30,334, 1904-ல 1,342. மிச்சம் மீதி இருந்தவங்களையும் டெமாக்ரட் பிரைமரியில வெள்ளைக்காரங்க மட்டும்தான்னு கட்சி விதி போட்டு வெளிய நிறுத்தினாங்க. தெற்குல டெமாக்ரட் கேண்டிடேட் ஆனாலே கவர்னர் ஆன மாதிரி, நவம்பர் எலெக்‌ஷன் வெறும் சடங்கு, அதனால பிரைமரியில ஓட்டு இல்லேன்னா ஓட்டே இல்ல.

1903-ல மிசிசிப்பில முதல் பிரைமரி நடந்தப்ப ஜெயிச்சது ஜேம்ஸ் வார்டமன், மேடையில பச்சையா இனவெறி பேசி கூட்டம் சேர்த்தவர். மாநாட்டு பெரிய மனுஷங்க ஒதுக்கி வச்ச ஆளை நேரடி ஓட்டு தூக்கி விட்டுச்சு. 1906 ஜார்ஜியாவுல ரெண்டு பத்திரிகைக்காரங்க மோதினாங்க, அட்லாண்டா ஜர்னலோட பழைய முதலாளி ஹோக் ஸ்மித், கான்ஸ்டிடியூஷன் பத்திரிகையோட கிளார்க் ஹவெல். ஸ்மித் ரயில்வேயை அடக்குவேன், கறுப்பர் ஓட்டை பறிப்பேன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல வாக்குறுதி குடுத்தார், ஹவெல் அதுக்கு மேல பேச, பத்திரிகைங்க மாசக்கணக்குல வெறிய ஏத்தி விட, ஆகஸ்ட்ல ஸ்மித் பிரைமரியில ஜெயிச்சார், செப்டம்பர்ல அட்லாண்டாவுல வெள்ளைக்கார கும்பல் தெருவுல இறங்கி டஜன் கணக்குல கறுப்பர்களை கொன்னுச்சு. 1908-ல ஓட்டுப் பறிப்பு திருத்தமும் வந்தது. முற்போக்குக் கவர்னர் லிஸ்ட்ல ஸ்மித் பேரும் இருக்கும், பாத்தா ஆச்சரியப்படாதீங்க.

டெக்சஸ்ல 1923-ல பிரைமரியில வெள்ளைக்காரங்க மட்டும்தான்ங்கிறதை சட்டமாவே எழுதினாங்க. எல் பாஸோ டாக்டர் லாரன்ஸ் நிக்சன் கேஸ் போட்டு 1927-ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சார், உடனே ஸ்டேட் சட்டத்தை மாத்தி யார் ஓட்டு போடலாம்னு கட்சியே முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க, 1932-ல அவரே மறுபடி கேஸ் போட்டு அதையும் உடைச்சார், இந்த தடவை கட்சி மாநாடு கூடி நாங்க தனியார் சங்கம், மெம்பர் யாருன்னு நாங்க சொல்லுவோம்னு தீர்மானம் போட, 1935-ல கோர்ட் அதை சரின்னு ஏத்துக்கிச்சு. அந்த தீர்ப்பை தூக்கி எறிய 1944 வரைக்கும் ஆச்சு, கேஸ் போட்டவர் ஹூஸ்டன்ல பல் டாக்டரா இருந்த லானி ஸ்மித், அவருக்காக வாதாடினவங்கள்ல ஒருத்தர் பின்னாடி அதே கோர்ட்டுக்கு நீதிபதியா போன தர்குட் மார்ஷல். கேண்டிடேட்டை தேர்ந்தெடுக்கறதும் எலெக்‌ஷனோட ஒரு பகுதிதான், கட்சி வீட்டு விவகாரம் இல்லன்னு அந்த தீர்ப்புல எழுதினாங்க.